புது ஊர், புதுச் சபை: சகோதரிகள் ஐக்கியத்தில் சேர ஒரு வழிகாட்டி

திருமணமாகி நாசரேத் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கு வந்தபோது இரண்டு சூட்கேஸ், ஒரு கிரைண்டர், ஒரு வேதாகமம் கொண்டுவந்தேன். பழைய சபை புதுச் சபைக்கு எழுதித் தரும் மாற்றுக் கடிதம் கொண்டுவரவில்லை. அது எதற்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் உட்கார்ந்தால் போதாதா என்று நினைத்தேன். அப்படியே பதினெட்டு மாதம் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்பார்கள், நானும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பதினெட்டாம் மாதம் பிரசவ வார்டில் நர்ஸ் கேட்டார்: "கூட யாரும்மா இருக்கா?" சொல்ல ஒரு பெயர் இல்லை. உள்ளே பெண் துணையைத்தான் விடுவார்கள் என்பதால் கணவர் வராந்தாவில் நின்றார். பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவை விட்டு அம்மாவால் வர முடியவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த ஒரு பாட்டி, முன்பின் தெரியாதவர், எனக்குத் தலைவாரிவிட்டுக் கஞ்சியும் கொடுத்தார்.

மூன்று வருடம் கழித்து இரண்டாவது பிரசவம். அப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பதினோரு பெண்களின் பெயர் இருந்தது. காலையில் யார், ராத்திரி யார், மூத்தவனைப் பள்ளியில் விடுவது யார் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். அந்த நோட்டுக்குள் என் பெயர் எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு மூன்று வருடம் ஆக வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை நடைமுறை. மற்றவர்களுக்குக் கீழே ஒன்பதாவது தலைப்பில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

1. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே மாற்றுக் கடிதம் வாங்குங்கள்

இதைத் தள்ளிப்போட்டால் என்னைப் போல நாகர்கோவில் ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் ராத்திரி திரும்ப வேண்டியிருக்கும்.

கடிதம் சபையின் முகவரித்தாளில், சேகர குருவின் (ஊர்ச் சபைப் போதகரின்) கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். உங்கள் பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்து முழு உறுப்பினராகும் சடங்கு) தேதி, திருமணத் தேதி, சங்கக் காணிக்கை எந்த மாதம் வரை கட்டியிருக்கிறீர்கள் என்ற விவரம் எல்லாம் அதில் வர வேண்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரும் ஞானஸ்நானத் தேதியும். ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது பாக்கியில். அப்பா குடும்பத்துக்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நான் வேலைக்குப் போன பிறகு என் பெயரைத் தனியாகப் பிரித்து எழுதியிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று வருடத்துக்கு 720 ரூபாய். ரயில், பஸ், போன ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்தால் அதைப்போல மூன்று மடங்கு செலவு. ஊரில் இருக்கும்போதே காணிக்கைப் புத்தகத்தைத் திறந்து உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கும், ஆதாரில் கூப்பிடும் பெயர் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு முதலெழுத்தும் மாறியிருக்கும். "இன்னார் என்கிற இன்னார்" என்று இரண்டையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கும்போது இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

போகும் நேரமும் முக்கியம். பரிசுத்த வாரத்திலும், டிசம்பரிலும், சபையே சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை வாரத்திலும் போய் நிற்காதீர்கள். போதகர் மாறுதலாகிப் போகும் சமயமும் வேண்டாம். வந்தவருக்கு உங்களைத் தெரியாது, போனவருக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. சாதாரண வாரநாள் காலையில் போங்கள். பழைய பதிவேட்டைத் தேட வேண்டியிருந்தால் ஞானஸ்நானம் எடுத்த வருடத்தையாவது விசாரித்து வைத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் உபதேசியார் (சபை ஊழியர்) நாலு தடிமனான புத்தகத்தைப் புரட்ட வேண்டும், நீங்கள் இன்னொரு நாள் வர வேண்டும். கிளம்புவதற்குப் பதினைந்து நாள் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. "கணவர் ஏற்கெனவே அந்தச் சபையில்தானே இருக்கிறார், என்னையும் சேர்த்துக்கொள்வார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். சேர்த்துக்கொள்வார்கள், அவர் அட்டையில் "மனைவி" என்று. உங்கள் திடப்படுத்தல் தேதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சபைத் தேர்தலில் வாக்காளர் பட்டியல் போடும்போதுதான் அது தெரியவரும்.

கடிதம் கொண்டுபோவதை வெறும் ஆபீஸ் வேலை என்று நினைத்துச் சலித்துக்கொண்டிருந்தேன். ரோமர் 16-ம் அதிகாரத்தின் முதல் இரண்டு வசனத்தை எடுத்துப் பாருங்கள். கெங்கிரேயா சபையிலிருந்து வரும் பெபேயாள் என்ற சகோதரியை ஏற்றுக்கொள்ளுங்கள், அவளுக்கு வேண்டிய உதவியைச் செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிறார். மாற்றுக் கடிதம் என்பது அதேதான், முத்திரை மட்டும் கூடுதல்.

2. புதுச் சபையில் கொடுப்பது

ஆயரிடம் நேரில் கொடுங்கள், ஆராதனை முடிந்த கூட்டத்தில் அல்ல. கமிட்டியில் வைத்துத்தான் சேர்ப்பார்கள் என்பதால் ஒன்றிரண்டு மாதம் ஆகும். கொடுத்த தேதியை உங்கள் ஜெராக்ஸில் குறித்துக்கொள்ளுங்கள். குடும்ப எண்ணும் காணிக்கைப் புத்தகமும் வந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

தெற்கத்திக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் நாம் போதகரை ஐயர், அவர் மனைவியை ஐயரம்மா என்போம். இங்கே ஆயர், ஆயரம்மா. முதல் வாரம் நான் போனில் "ஐயர் இருக்காங்களா?" என்று கேட்டேன். எடுத்த பையன் "எந்த ஐயருங்க? இது சர்ச்சுங்க" என்றான்.

இந்தப் பெயர்ப்பதிவு எங்கெல்லாம் தேவைப்படும் என்றால்: பிள்ளைக்கு ஞானஸ்நானம், கல்லூரி சேர்க்கைக்கு ஆயரின் சிபாரிசுக் கடிதம், கல்லறைத் தோட்டத்தில் இடம். மூன்றுமே அவசரமாகத் தேவைப்படும் விஷயங்கள். மே மாதம் கடிதம் கேட்டு வரிசையில் நிற்கும் தாய்மாரில் பாதிப் பேர் அப்போதுதான் உறுப்பினர் படிவமே நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பெண்கள் கூட்டத்துக்குப் போக இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அங்கே வாசலில் யாரும் கடிதம் கேட்பதில்லை.

3. எந்த மாதத்தில் நுழைவது

எல்லா மாதமும் ஒன்றல்ல. என் அனுபவத்தில் ஜனவரி கடைசிதான் சரியான நேரம்.

காரணம், மார்ச் முதல் வெள்ளிக்கிழமை வரும் உலக ஜெப நாள். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு நாட்டுப் பெண்கள் அந்த ஆராதனை முறையை எழுதுகிறார்கள். 2024-ல் பாலஸ்தீனப் பெண்கள், 2025-ல் குக் தீவுகள், 2026-ல் நைஜீரியா. உலகம் முழுக்கப் பெண்கள் அதே ஜெபத்தை அதே நாளில் சொல்கிறார்கள். ஊரில் இருக்கும் பல சபைப் பெண்களும் அன்றைக்கு ஒரே இடத்தில் கூடுவார்கள். பெரிய விஷயம்தான், ஆனால் உங்களுக்குப் பயன்படுவது அதற்கு முந்தைய பிப்ரவரி. பாட்டுப் பயிற்சி, வாசிப்புக்கு ஆள், அந்த நாட்டைப் போல மேசை அலங்காரம், அன்றைய சாப்பாடு என்று ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். புது முகம் என்று யாரும் பார்ப்பதில்லை, கையில் தாளைக் கொடுத்துவிடுவார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களும் நல்ல நேரம். வீட்டு ஜெபங்கள் அடுத்தடுத்து நடக்கும், பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

டிசம்பரைத் தவிருங்கள். கீதபவனி, கேக், நாடகம், புதுச்சேலை என்று எல்லோரும் ஓட்டத்தில் இருப்பார்கள். நூறு பேரைச் சந்திப்பீர்கள், ஒருவர் பெயரும் நினைவில் நிற்காது.

வேலைக்குப் போகிறவர்கள் சேரும்போதே ஒன்றைக் கேளுங்கள்: கூட்டம் எத்தனை மணிக்கு? பல சபைகளில் வாரநாள் காலை பதினோரு மணி என்று வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் வரக்கூடியவர்கள் ஓய்வு பெற்றவர்களும் வீட்டில் இருப்பவர்களும்தான். அப்படியென்றால் சாயங்கால வீட்டு ஜெபக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வேலைக்குப் போகும் இன்னும் இரண்டு பேரைக் கண்டுபிடித்து ஆயரம்மாவிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருத்தியாகப் போனால் "பார்க்கலாம்மா" என்பார்கள்.

4. முதல் மூன்று கூட்டங்கள்

வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், காணிக்கைக்குச் சில்லறை. பேனா ஒன்று, யாராவது கட்டாயம் கேட்பார்கள். முக்காடு போடும் வழக்கம் சபைக்குச் சபை மாறும், முதல் நாள் சேலையோ துப்பட்டாவோ இருந்தால் எதற்கும் சரியாக இருக்கும்.

கடைசி வரிசையில் உட்காராதீர்கள், அது கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்களுக்கான வரிசை. நடுவில் உட்காருங்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு பெயர் என்று மனப்பாடம் செய்யுங்கள், அதற்கு மேல் முயல வேண்டாம். ஊரில் சித்தி, பெரியம்மா, மதினி என்று முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழகியிருப்போம். இங்கே எல்லோரும் "சிஸ்டர்". அது மரியாதைதான், ஆனால் அதில் ஒரு தூரமும் உண்டு. யாரையாவது "அக்கா" என்று கூப்பிட்டு அவர் திரும்பிப் பார்த்தாரானால் பாதி தூரம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்த ஊரு? யாரு மக?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் பாசத்தில் கேட்கிறார்கள். மீதிப் பேர் ஊரை வைத்துச் சாதியைக் கணக்குப் போடுகிறார்கள், இதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். ஒரு குழுவில் எல்லோரும் ஒரே ஊர், ஒரே சொந்தம் என்றால் அது உறவினர் கூட்டம். அங்கே இடம் கேட்டு மன்றாட வேண்டாம். இன்னொரு பகுதிக் குழு இருக்கும்.

5. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

நான் எட்டுக் கூட்டத்துக்குப் போன பிறகும் தனியாகத்தான் இருந்தேன். பாடுவார்கள், வேதபாடம், ஜெபம், டீ, கலைந்துவிடுவோம். கூட்டம் என்பது எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து உட்காரும் ஏற்பாடு, பக்கத்தில் இருப்பவரோடு பேச அதில் இடமே இல்லை.

அந்த வருட அறுப்பின் பண்டிகையில் மதியச் சாப்பாடு. பந்தி முடிந்ததும் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் கோயில் கூடத்தின் பின்பக்கம் கைகழுவப் போனேன். அங்கே ஒரு அக்கா சோற்று அண்டாவைச் சாய்த்துவைத்து, அடியில் பிடித்திருந்த காந்தலைத் தேங்காய் நாரால் சுரண்டிக்கொண்டிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார், கைமுட்டி வரை சாம்பல். நிமிர்ந்து பார்க்காமலேயே "தண்ணி ஊத்து கண்ணு" என்றார். குடத்தை எடுத்து ஊற்றினேன். "மெதுவா, சேலைல படுது" என்றார். அப்புறம் நானும் ஒரு நாரை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் குந்தினேன்.

நான்கு அண்டா, இரண்டு குண்டான், கரண்டிகள். முக்கால் மணி நேரம். அதற்குள் அவர் மகளுக்கு வரன் பார்ப்பது, எனக்குக் குழந்தை ராத்திரி தூங்காதது, எந்தக் கடையில் நல்ல புழுங்கலரிசி கிடைக்கும் என்பது எல்லாம் பேசி முடித்துவிட்டோம். அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டாவது தெரு. ஒரே ஸ்டாப்பில் பஸ் ஏறியிருக்கிறோம், இரண்டு வருடமாக. நான் பிரசவ வார்டில் தனியாகக் கிடந்த கதையைச் சொன்னபோது அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பனே சாமி" என்றார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தானே இருந்தேன்.

ஆகையால்: பந்தி பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல், கோயில் பெருக்குதல், விற்பனைவிழாவுக்கு முறுக்குச் சுடுதல், இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு வருடத்தில் இரண்டு முறையாவது பெயர் கொடுங்கள். மேடை வேலை, மைக் வேலைக்குப் பெயர் கொடுக்காதீர்கள், அங்கே போட்டி இருக்கும். அண்டா கழுவப் போட்டிக்கு வருகிறவர் யாரும் இல்லை.

6. பணம்

எங்கள் சபைக் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையது கூடக் குறைய இருக்கும். பெண்கள் ஐக்கிய சங்கச் சந்தா மாதம் 50 ரூபாய். கூட்டக் காணிக்கை அவரவர் மனம்போல். வருடத்துக்கு ஒருமுறை விற்பனைவிழாவுக்குப் பலகாரமோ பணமோ. மண்டல அளவில் கூடுகை என்றால் வேன் பங்கு 200, 300 வரும். சில சபைகளில் பிடியரிசி இன்னும் இருக்கிறது. தினமும் உலையில் போடும்முன் ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் போட்டு மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். பணம் இல்லாத மாதத்திலும் தலைநிமிர்ந்து கொடுக்க முடிந்தது அதுதான்.

வீட்டு ஜெபம் உங்கள் முறை வரும்போது கவனம். எங்கள் பகுதியில் சுண்டலும் டீயுமாகத் தொடங்கியது. ஒரு வீட்டில் வடை சேர்ந்தது, அடுத்த வீட்டில் இடியாப்பம் குருமா, அதற்கடுத்து ஒருவர் பிரியாணி போட்டார். அந்த மாதம் முறை வர வேண்டிய தையல்கார அக்கா உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பிறகு டீயும் ஒரு பலகாரமும் மட்டும் என்று எழுதியே வைத்தோம். உங்கள் குழுவில் இந்த விதி இல்லையென்றால் உங்கள் முறையிலிருந்து தொடங்குங்கள்.

கடனும் சீட்டும்தான் பெரிய குழி. "சிஸ்டர்தானே, ஏமாத்துவாங்களா" என்று நகையைக் கழற்றிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு சீட்டில் 14,000 ரூபாய் போட்டுத் தொலைத்தேன். நடத்தியவர் வீடு மாறிப் போய்விட்டார், சபையில் கேட்டால் அது உங்கள் சொந்த விஷயம் என்றார்கள். அது நியாயம்தான். 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவதே குற்றம். ஜெபக் குழுவுக்குள் சீட்டுப் பேச்சு வந்தால் எழுந்து போய்க் குழந்தையைப் பாருங்கள். சேமிக்க வேண்டுமென்றால் வங்கிக் கணக்கோடு நடக்கும் சுய உதவிக் குழுவில் சேருங்கள்.

7. ஜெப விண்ணப்பத்தில் எதைச் சொல்வது

எல்லாவற்றையும் முதல் மாதமே சொல்லிவிடாதீர்கள். "சிஸ்டர் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, அவங்க வீட்ல இப்படியாம்" என்று ஒரு செய்தி ஊர்சுற்றக் கிளம்பும்போது அதைத் தடுக்க யாராலும் முடியாது, ஏனென்றால் அது ஜெப வடிவத்தில் போகிறது. என் மாமியாரைப் பற்றி நான் அழுதுகொண்டே சொன்னது பத்து நாளில் மாமியாருக்கே வந்து சேர்ந்தது. உடல்நலம், வேலை, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றைக் கூட்டத்தில் சொல்லலாம். வீட்டுச் சண்டை, கடன், கருச்சிதைவு போன்றவற்றை ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். அந்த ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது: மற்றவர்கள் ரகசியத்தை உங்களிடம் சொல்லாதவராக இருப்பார்.

வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் படத்தைப் போடாதீர்கள், மருத்துவ ரிப்போர்ட்டைப் போடாதீர்கள்.

கணவர் அடிக்கிறார் என்று ஒரு சகோதரி சொன்னால் "பொறுத்துக்கோம்மா, ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். ஜெபியுங்கள், கூடவே 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள். 2005-ம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவும் வாங்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஜெராக்ஸ் ஒரு உறையில் போட்டு உங்கள் வீட்டில் வைத்திருக்க ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா ஒருவரின் பீரோவில் அப்படி இரண்டு உறைகள் இருக்கின்றன. யாருடையவை என்று எனக்குத் தெரியாது.

8. ஆஸ்பத்திரி நோட்டு

இதை உங்கள் பகுதியில் தொடங்க ஆறு பேர் போதும்.

நோட்டில் நான்கு கட்டம்: தேதி, நேரம், யார், என்ன கொண்டுவர வேண்டும். பகல் இரண்டு பங்கு, ராத்திரி ஒன்று. கைக்குழந்தை வைத்திருப்பவருக்கு ராத்திரி போடக் கூடாது. ராத்திரி இருந்தவருக்கு மறுநாள் எந்த வேலையும் போடக் கூடாது, அவர் "பரவால்ல" என்றாலும். ஆட்டோ காசுக்குத் தனி நிதி வைத்தோம். ஆளுக்கு மாதம் 100 ரூபாய், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும், டிசம்பரில் கணக்கு வாசித்துவிடுவோம். சங்கப் பணத்தோடு இதைக் கலக்கவே இல்லை.

சாப்பாட்டுக்குக் கடுமையான விதி உண்டு. ரசம் சாதம், இட்லி, கஞ்சி, இவை தவிர வேறு எதுவும் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. சர்க்கரை உள்ளவருக்கு ஐந்து பேர் ஐந்து பாக்கெட் பிஸ்கட் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம், ஒரு ஜெபம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். நோயாளியின் வீட்டுக்காரரை எல்லோரும் போனில் கூப்பிடக் கூடாது. ஒருவர் மட்டும் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்வார். இந்த ஒரு விதிக்காகவே என் கணவர் எங்கள் குழுவை மெச்சுகிறார்.

பிரசவம் என்றால் ஒரு ஜிப் பையில்: ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய அட்டை. பிக்மி எண் இல்லாமல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும், கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதாரச் செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்துவிடுங்கள். ஏழைக் குடும்பம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு; அதற்கும் 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயரை ஒரு வருடத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம் என்பதால் "ஞானஸ்நானப் பெயர் இன்னும் முடிவாகல" என்று பதிவைத் தள்ளிப்போடத் தேவையில்லை. இந்த விவரங்களில் ஒன்றுகூட எனக்கு ஆபீஸில் யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. எல்லாம் அண்டா கழுவிய இடத்தில் கேட்டவை.

மரியாள் எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள் என்று லூக்கா எழுதுகிறார். வாழ்த்தும் பாட்டும் வாசிக்கிறோம், அந்த மூன்று மாதம் யார் தண்ணீர் மொண்டார்கள் என்பதை யாரும் பிரசங்கிப்பதில்லை.

சாவு வீட்டுக்கும் இதே நோட்டுதான். குளிப்பாட்ட யார், வெள்ளைச் சேலை வாங்க யார், கல்லறைக் கட்டணத்துக்கும் பெட்டிக்கும் அலைய யார், மூன்றாம் நாள் சாப்பாடு யார். இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாள் தெரியாது, குழுவில் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் குழுவில் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நல அலுவலரைப் போய்ப் பாருங்கள். ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட கிறித்துவ மகளிர் உதவும் சங்கம் மாவட்டங்களில் உண்டு, சிறுதொழிலுக்கு உதவி கேட்கலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டு போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், கூட ஒருவர் போங்கள். "அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலைத் தாங்க இரண்டு பேர் வேண்டும்.

9. மற்ற சபைக்காரர்களுக்கு

கத்தோலிக்கர் என்றால் புதுப் பங்கில் (உங்கள் பகுதிக் கோயிலில்) குடும்ப அட்டை போட்டதும் உங்கள் தெரு எந்த அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக் குழுவில், வருகிறது என்று கேளுங்கள். அன்பியம் தெருக்கணக்கில் இருப்பதால் உங்களுக்கு எங்களைவிடச் சுலபம். மரியாயின் சேனை என்ற பக்தி சபையில் சேர்ந்தால் வாராவாரம் கூட்டமும் வீடு சந்திப்பு வேலையும் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் யோசித்துப் பெயர் கொடுங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம்தான் வாசல். கடிதம், கமிட்டி என்று பெரும்பாலும் இருக்காது. அதனாலேயே சேருவதும் விலகுவதும் வேகமாக நடக்கும். "உனக்காகத் தரிசனம் பார்த்தேன்" என்று சொல்லிக் காணிக்கைத் தொகையும் குறித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் எட்டி நில்லுங்கள்.

10. ஒரு வருடம் போயும் சரிவராவிட்டால்

கூட்டத்துக்குப் போகிறீர்கள், வேலைக்கும் பெயர் கொடுத்தீர்கள், இன்னும் யாரும் வீட்டுக்கு வரவில்லை என்றால் நீங்களே அழையுங்கள். பத்துப் பேரை வேண்டாம், ஒருவரை. விருந்து வேண்டாம், டீ. நீங்கள் வந்த பிறகு சபைக்கு வந்த இன்னொரு பெண் இருக்கிறாளா என்று பாருங்கள். பழையவர்கள் வட்டத்தில் நுழைவதைவிட அவளோடு வட்டம் போடுவது சுலபம். எங்கள் பதினோரு பேரில் ஏழு பேர் வெளியூர்க்காரர்கள்.

முன்பு ஒரு தடவை போய், மனசு கசந்து நின்றுவிட்டவர்கள் கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பாகப் போங்கள். சனிக்கிழமை மூன்று மணி என்றால் இரண்டரைக்கு. பாய் விரிக்கவும் நாற்காலி இழுத்துப் போடவும் யாராவது ஒருவர் தனியாக அங்கே திணறிக்கொண்டிருப்பார். பாயின் இன்னொரு முனையைப் பிடியுங்கள்.